ஓர் உயிரைக்கூட இழக்காத ரயில் பாதை

வாசகர்களே, நான் வென்ற ஒரு மேடைக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். புலம்பெயர்ந்த தமிழர் கூடும் மவுண்ட் ரோஸ்கில் பகுதி மண்டபத்தில் பட்டிமன்றம். மனிதனை உருவாக்குவது மைதானமா, வகுப்பறையா என்பது தலைப்பு. மைதானத்தின் சார்பில் பேசிய நான், விக்டோரியா அரசி காலத்து ரக்பி அணித் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். ஆட்டத்தை விட்டபின் பொறியாளராகி, மலாயாவில் ரயில் பாதை அமைத்தவர் அவர்.

"அணியில் ஒருவனையும் கைவிடாத அந்தத் தலைவன், மலாயாக் காட்டிலும் ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை!" என்று முழங்கினேன். கைத்தட்டல் அதிர்ந்தது. அந்த வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. முந்தைய நாள் நானே புனைந்தது.

எதிரணியில் இருந்த மலேசியச் செவிலியர் எழுந்தார். "தம்பி, எங்க தாத்தாவோட அப்பா அந்தப் பாதை போடத்தான் போனாரு. காய்ச்சல்ல அங்கயே செத்துட்டாரு. நீங்க இத எதுல படிச்சீங்க?"

உண்மையை ஒப்புக்கொள்ள அதுவே தருணம். நானோ புன்னகைத்து, "அக்கா, இது பட்டிமன்றம்; துக்க வீடு அல்ல" என்றேன். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அவர் குறிப்புத் தாளை மடித்துவிட்டு அமர்ந்தார். பரிசும் எனக்கே கிடைத்தது.

பிறகு, கார் நிறுத்துமிடத்தில் அவரைத் தேடிப் போனேன். காருக்குள் அவருடைய சிறிய மகள், எல்லோரும் ஏன் சிரித்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்: "மம், வொய் டிட் தே லாஃப்?" அவர் காரை எடுத்தார்.

நான் பெருமைப்பட்ட சொல்வன்மை, இறந்துபோன ஒரு மனிதரை இல்லாதவராக்கவே அன்று பயன்பட்டது. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அவர் போனபின், வெறிச்சோடிய அந்த இடத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன்:

"அக்கா, அடுத்த மேடையில, இன்னிக்கு நான் சொன்னது பொய்னு சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்."