வசனம் வாசிக்காத பிள்ளைகள்

ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றவர்கள் எங்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்வதைக் கேட்க நன்றாக இருக்கும். ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது வெளிச்சத்தைக் கண்டாராம். இன்னொருவருக்கு நடுக்கடலில் சத்தம் கேட்டதாம். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாலிபர் கூட்டம் முடிந்து டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பள்ளி முடிக்கப்போகும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்று, என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னாள்: "தீதி, நான் தினமும் ஜெபம் பண்ணுகிறேன். அந்தப் பக்கம் யாரும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை."

அவள் வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெளியே சொன்னால் அம்மா அழுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். டிரம்மில் தண்ணீர் தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு நடக்கும்போது, இந்தப் பிள்ளைகளோடுதான் என் வாழ்க்கை என்று பட்டது. அதைக் கடவுளிடமும் சொல்லிவிட்டேன். பகலில் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி வேலை, ஞாயிறு மாலை வாலிபர் கூட்டம் என்று ஆனது. போதகர் சந்தோஷப்பட்டு ஹால் சாவியை என் கையில் கொடுத்தார்.

பிறகுதான் ஆரம்பித்தது தலைவலி. எங்கள் கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்கள் கப்பலில் பெட்டியோடு இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த வழக்கம் அது. வாசிப்பு தொடங்கினால் போதும், என் பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கும். தன் முறை வருவதற்கு முன்னால் ஒருவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். அவன் வந்ததும் அடுத்தவள் போவாள். ஒருத்திக்குச் சரியாக அந்த நேரத்தில் இருமல் வரும். சிலர் வாசிப்பு முடிந்த பிறகுதான் வாசலிலேயே தலைகாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேதத்தின் மேல் மரியாதையே இல்லை என்று திட்டினேன். ஒரு சங்கீதத்துக்கு இரண்டாகப் படிக்க வைத்தேன். கூட்டம் இன்னும் சுருங்கியது.

கடைசியில் டம்ளர் கழுவும்போது வந்தாளே, அவள்தான் பொறுக்க முடியாமல் கேட்டாள். "தீதி, எங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும். வாசிக்க யாருக்கு வரும்? ஸ்கூல்ல எல்லாம் ஹிந்தி, இங்கிலீஷ்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுதான். எனக்கு அப்பா வீட்டில் பிரம்பை வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லித்தந்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஹிந்தி வேதாகமத்தோடு போனேன். ஹிந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீன் பேரம் பேசுவதும் பஸ் கண்டக்டரோடு சண்டை போடுவதும் அதில்தான். ஆனால் ஜெபிக்கத் தொடங்கியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடவுளை நான் 'தேவரீர்' என்று கூப்பிட்டே பழகியவள். மார்க்கெட்டில் பேசுகிற பாஷையில் அவரிடம் என்ன சொல்வது? தட்டுத்தடுமாறி இரண்டு வரி சொல்லி முடித்தேன். பிள்ளைகள் ஒன்றும் சிரிக்கவில்லை. அன்றைக்கு யாருக்கும் தாகமும் எடுக்கவில்லை.

சில வாரங்களில் ஹால் நிறைந்தது. கூடப் படிக்கும் ராஞ்சிக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெங்காலிப் பையன் கித்தாரோடு வந்தான். அப்போதுதான் கமிட்டி என்னைக் கூப்பிட்டது.

சபைச் செயலாளர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "ஏம்மா, நம்ம பாஷையில ஆண்டவரத் தொழணும்னுதான நம்ம ஆட்கள் அந்தக் காலத்துல கஷ்டப்பட்டு இந்தச் சபையக் கட்டுனாவ? இது தமிழ்ச் சபை. ஹிந்தி வேணும்னா ஹிந்தி சபைக்குப் போவட்டும்."

"அங்கிள், உங்க பேரப்பிள்ளைங்களே வீட்ல உங்ககூட ஹிந்திலதான பேசுறாங்க?"

"வீடு வேற, கோயில் வேற."

மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். போதகர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர வேண்டியதுதானே என்றார் ஒருவர். அவர்கள் படித்து முடிப்பதற்குள் பாதிப்பேர் மெயின்லேண்ட் போய்விடுவார்கள் என்றேன். கத்தித்தான் சொன்னேன்.

"இனி தமிழ்ல நடத்து. இல்லன்னா சாவியத் தந்துட்டுப் போம்மா" என்றார் செயலாளர்.

மேசைமேல் சாவியை வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை. இதற்கா என்னைக் கூப்பிட்டீர் என்று கடவுளிடம் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், மரியாதையெல்லாம் விட்டுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பூட்டிய கதவைப் பார்த்து அவர்கள் திரும்பிப் போவார்களே என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை. போனால், எனக்கு முன்னாலேயே ஹாலுக்குப் பின்புறம் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எதைப் பேசினாலும் அதில் கமிட்டியைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

முடிவு ஜெபத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒருநாள் அந்தப் பக்கம் யாருமே இல்லை என்றவள். கண்ணை மூடி, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல ஹிந்தியில் ஜெபித்தாள். பரீட்சைக்காகக் கேட்டாள். கித்தார் பையனின் அம்மாவுக்காகக் கேட்டாள். பிறகு, "செயலாளர் அங்கிளுக்கு முட்டி வலிக்கிறது, படி ஏறக் கஷ்டப்படுகிறார், சரியாக்குங்கள்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்கு முட்டி வலி என்பதே எனக்குத் தெரியாது.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என்னால் மட்டும் சொல்ல முடியவில்லை.