ஏப்பம் வந்த இடம்

எங்கள் பக்கத்தில் நெஞ்சு வலித்தால் நெஞ்சு வலி என்று யாரும் சொல்வதில்லை. ‘கேஸ் புடிச்சிக்கிச்சி’ என்பார்கள். ‘வாயு பிரிஞ்சா நோவு பிரியும்’ என்று ஒரு சொலவடையும் கையோடு வரும். அரை மூடி எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் நுரைத்துப் பொங்கும். பொங்கும்போதே குடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

என் தங்கச்சி புருஷன் கல்யாணச் சமையல்காரர். கீரப்பாளையத்தில் ஒரு கல்யாணம். ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். கடைசிப் பந்தி நடக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. அடுப்படியில் வேர்வை யாருக்குப் புதுசு?

“சிதம்பரம் போயி காட்டிட்டு வந்துடலாம் மாப்ள.”

“ஊருக்கே சோறு போட்டவன் ஒரு ஏப்பத்துக்கு ஆஸ்பத்திரி போனான்னு சிரிப்பானுங்க. கம்முனு இரு மச்சான்.”

அவரே கலந்தார், அவரே குடித்தார். பந்தல் அதிர ஒரு ஏப்பம். பாத்திரம் கழுவுகிற பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் முகமும் தெளிந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டார்.

“கொஞ்சம் கேஸு. இப்ப லேசாயிடுச்சி. ரசம் மட்டும் வெச்சி வை, வந்துடறேன்.”

அண்டாக்களை வண்டியில் ஏற்றி முடிப்பதற்குள் சரிந்துவிட்டார். சிதம்பரத்தில் இறக்கும்போது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

கடலூர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் தங்கச்சி ஒன்றையே சொன்னாள். “கஷ்டப்படல. லேசாயிடுச்சின்னு அவுரே சொன்னாரு.”

எனக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் வீட்டில் நானே கலக்கிப் பார்த்தேன். டம்ளர் கையில் சில்லென்றது. ஏன் என்று தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் சூட்டை வெளியே தள்ளிக் கொதிக்கும். இது நேர்மாறு. புளிப்பும் சோடாவும் கலந்து கரியமில வாயுவாகப் பொங்கும்போது, வேண்டிய சூட்டை அந்தத் தண்ணீரிடமிருந்தே இழுத்துக்கொள்கிறது. குடித்தேன். பெரிய ஏப்பம் வந்தது. எனக்கோ ஒரு நோவும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: அன்றைக்கு அவர் விட்டது டம்ளரில் பிறந்த வாயு. நெஞ்சில் இருந்தது நெஞ்சிலேயே இருந்திருக்கிறது.

இதைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை. அவளுக்கு மிஞ்சியது ‘லேசாயிடுச்சி’ என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

போன மாசம் அவள் வீட்டுக்குப் போனபோது, நெஞ்சை நீவிக்கொண்டே எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தாள். “காலையிலேர்ந்து அடைக்குதுண்ணே. இதக் குடிச்சா அவுருக்கு மாதிரி லேசாயிடும்.”

டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். “இதக் குடிச்சா யாருக்கும் ஏப்பம் வரும்மா. அது டம்ளர்ல இருக்கற கேஸு. நெஞ்சுல இருக்கறது எங்கயும் போவாது. வண்டில ஏறு.”

ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, மனக்கவலைதான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. திரும்பும்போது பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கெடிலம் பாலத்தில் என் தோளைத் தொட்டாள்.

“அப்ப அவுருக்கு லேசாவே இல்லியாண்ணே?”

 பாலம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி அவள் பக்கம் திரும்பினேன்.