"தல சுத்தல டாக்டர்"

தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரி. குத்துச்சண்டைப் பயிற்சியில் இன்று தலையில் அடி வாங்கிய என் மகளிடம் டாக்டர் கேட்டார்:

"தல சுத்துதா மக்களே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல டாக்டர்."

"ஆட்டோல ரெண்டு தடவ வாந்தி எடுத்தேல்லா! உள்ளதச் சொல்லு" என்று கத்தினேன்.

"நீதானம்மா சொன்ன? தல சுத்துதுன்னு சொன்னா ரெஃப்ரி போட்டிய நிறுத்திருவாரு, சொல்லப்பிடாதுன்னு."

ஏழு வயதிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்போது ஸ்கேன் அறை வாசலில் நிற்கிறேன். உள்ளே போகும்போது திரும்பி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதுவும் என் பயிற்சிதான்.

வலித்தால் அழச் சொல்லிக்கொடுக்கும் கோச்சிங் சென்டர் எங்கேயாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.