யூதருக்காக ஒரு முழங்கால்

அடங்கிப் போவது எனக்குப் பிறவியிலேயே வராது. கன்னியர் மடத்தில் சேர்ந்தால் வந்துவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். பாவம்.

ரங்கூனில் எங்கள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு என் பொறுப்பு. தமிழ்க் குமாஸ்தாக்களின் பிள்ளைகள், பர்மியப் பிள்ளைகள், சூலே பகோடாவுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஒரு யூதப் பெண், எல்லோரும் ஒரே பெஞ்சில். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் முடியும் தறுவாயில் அந்த யூதப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். உங்கள் கோயிலில் எல்லோருக்காகவும் முழங்கால் போட்டு வேண்டுவீர்களாம், எங்களுக்கு மட்டும் போடமாட்டீர்களாம், நிஜமா என்று. பக்கத்துப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நிஜம்தான். பெரிய வெள்ளிக்கிழமை பாப்பரசருக்காக, குருமாருக்காக, பிரிந்துபோன சபையாருக்காக, விக்கிரகம் கும்பிடுகிறவர்களுக்காகக்கூட ஒவ்வொரு ஜெபத்துக்கும் முழங்கால் போட்டு எழுவோம். யூதருக்கான ஜெபத்துக்கு மட்டும் நின்றபடியே இருப்போம். சேசுநாதர் முன் யூதர்கள் முழங்கால் போட்டுக் கேலி செய்தார்களாம், அதனால் அந்த வழக்கமாம்.

ஆமாம் என்றேன். அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெரிய வெள்ளியன்று கோயிலில் மணி அடிப்பதில்லை, மரக்கட்டைச் சத்தம்தான். சாமியார் யூதருக்கான ஜெபத்தை ஆரம்பித்தார். நான் முழங்கால் போட்டேன். தேக்குத் தரையில் முட்டி பட்ட சத்தம் பீடம் வரை கேட்டிருக்கும். சாமியார் திரும்பிப் பார்த்தார். நான் எழவில்லை.

மடத்துத் தலைவி பாண்டிச்சேரிக்காரர். சாயங்காலமே கூப்பிட்டனுப்பினார். அந்த வருஷம் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்தால்தான் சாகும்வரை மடத்தில் இருக்கலாம். சாமியாரிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வார்த்தைப்பாடும் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

"மதர், முட்டி போட்டுக் கேலி பண்ணினது ரோமாபுரிச் சேவகங்க. குருத்து ஞாயித்துக்கிழமை வாசிச்ச சேசுநாதர் பாடுகள்லயே இருக்கு. அப்போ ரோமாபுரிப் பாப்பரசருக்கும் நின்னுக்கிட்டே வேண்டலாமே."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றார் மதர். சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எல்லோர் எதிரிலும் முழங்கால் போட்டு நிற்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார்.

முழங்கால் போட்டதற்குத் தண்டனை முழங்கால் போடுவது. வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்தான். வேறு வாழ்க்கையை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. தெருவில் தின்ஜான் பண்டிகைத் தண்ணீர் வீச்சு நடந்துகொண்டிருக்க, குழம்பு மணக்கும் சாப்பாட்டு அறையில் முழங்காலில் நின்றேன்.

ஒரு நாள் மதர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்முன் வந்து நின்றார். இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.

"நீங்க சொல்ற வரைக்கும், மதர். கோயில்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவங்களுக்காக முட்டி போட முடியுது. இங்க தெனமும் அதே ஜெபத்தைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

மறுநாள் என் இடத்தில் சோறு பரிமாறியிருந்தார்கள். வார்த்தைப்பாடு ஒரு வருஷம் தள்ளிக் கிடைத்தது. அடுத்த வருஷப் பெரிய வெள்ளிக்கும் முழங்கால் போட்டேன், அதற்குப் பிறகு எல்லா வருஷமும் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூதர் வீடுகளில் ஓய்வுநாள் விளக்கேற்றுவதைப் பார்க்க எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். மாதாவும் தன் வீட்டில் இப்படித்தான் ஏற்றியிருப்பார் என்பேன். கோயிலில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பட்டும்.

யுத்தத்தில் யூதர் இருந்த அந்தத் தெரு காலியானது. தையல் வகுப்புப் பெண் கல்கத்தா போய்விட்டதாகக் கேள்வி. இன்றைக்கும் அவளை நினைத்தால் மனசு வலிக்கிறது. அதற்கெல்லாம் பிறகுதான் ரோமாபுரிக்குப் புத்தி வந்து, யூதருக்கான ஜெபத்துக்கும் எல்லோரும் முழங்கால் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் பெரிய வெள்ளியில், வாதம் பிடித்த முட்டி மடங்காமல் நான் கொஞ்சம் தாமதித்தேன். பக்கத்திலிருந்த இளம் சிஸ்டர் என் கையைத் தொட்டாள்.

"இதுக்கும் முட்டி போடணும், சிஸ்டர்."

என்னிடம் சொல்கிறாள்.