மட்டை உரிக்காத இரண்டு தேங்காய்கள்

நேற்று பரணிலிருந்து உருண்டு விழுந்த ஒரு நெற்றுத் தேங்காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கொப்பரை கடகடவென்றது. உங்களுக்கு அது பொடி இடிக்க ஆகும் சாமான். எனக்கோ, பாசி வாடையும் தலைக்குத் தேய்க்கும் செம்பருத்தித் தாளி வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறிவிட்டன.

மகாராஜா ஆண்ட நாளில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் அக்கிரகாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் ஊர் ஆற்றில் பாதி வருஷம் மணல்தான் ஓடும். இங்கேயோ தெருக்கோடியில் பெரிய குளம். சின்னப் பெண்கள்கூடத் தொபுக்கென்று குதித்து, நடுக்குளத்தில் மிதந்தபடியே ஊர்வம்பு பேசுவார்கள். நான் மட்டும் மேல்படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வேன். "பாண்டிப் பொண்ணுக்குச் செம்பே சமுத்திரம்!" என்று சிரிப்பார்கள். தமிழ்ச் சீமையிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்குப் பாண்டிதான். பேச்சுத் துணைக்கு ஏங்கிய வயது. அந்தச் சிரிப்பு சுட்டது.

என் நாத்தனார் அம்புஜத்துக்கும் என் வயதுதான். தையில் கல்யாணமாகிப் பம்பாய் போகவிருந்தவள். "அதுக்குள்ளே மன்னியை நீந்த வெக்காம நான் போகமாட்டேன். நாளைக்கு ரெண்டு தேங்கா எடுத்துண்டு வாங்கோ" என்றாள்.

கொண்டுபோனேன். பூஜைக்கு எடுப்பதுபோல மட்டையைச் சுத்தமாக உரித்து, குடுமியோடு! படித்துறையே விழுந்து விழுந்து சிரித்தது. "மன்னி, குளத்துக்கு நைவேத்யமா?" மட்டையோடு காய்ந்த தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டி, நடுக்கயிற்றில் மார்பை வைத்து மிதந்து பழகுவார்கள், அவை இல்லாமல் குளத்தைக் கடந்த அன்று உடைத்துத் துவையல் அரைப்பார்கள். இதெல்லாம் தஞ்சாவூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?

"முட்டியை மடக்காதேங்கோ, தொடையிலேர்ந்து காலை அடிக்கணும். மொகம் வெள்ளத்துக்குள்ளே இருக்கட்டும். தலையைத் தூக்கினா கால் தாழ்ந்துபோகும், கேட்டேளா?" என்பாள் அம்புஜம். தண்ணீரைத்தான் வெள்ளம் என்பாள். தண்ணீரில் வராததை, வீட்டில் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மணைமேல் குப்புறப் படுத்துக் கைகால் அடித்துப் பழகினேன். மாமியார் பார்த்துவிட்டார். "இதென்னடி கூத்து!" மணையைத் துடைப்பதாகச் சொன்னேன். வயிற்றால்!

மார்கழி முடிய நாலு நாள் இருக்கையில், தேங்காய்களைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பயம் வந்துவிடும். பாதிக் குளத்தில் இருந்தபோது கரையிலிருந்து அம்புஜம் "மன்னீ!" என்று அலறினாள். தலையைத் தூக்கித் திரும்பினேன். கால் தாழ்ந்தது, மூக்கெல்லாம் தண்ணீர். முகம் உள்ளே, தொடையிலிருந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முகத்தைப் புதைத்து அடித்தேன். நெற்றி அக்கரைப் படியில் இடித்தபோதுதான் நிறுத்தினேன். அந்த வீக்கத்தை ஒரு வாரம் பதக்கம்போலச் சுமந்தேன்.

துவையலை மாமியார் தாமே அரைத்தார். "எங்காத்து மாட்டுப்பொண் ஒத்தை மூச்சில கடந்துட்டா, தெரியுமோ?" என்று தெரு முழுக்க அவர் சொன்ன பொய்யை நான் இன்றுவரை திருத்தவில்லை.

அம்புஜம் காலமாகிப் பல வருஷமாயிற்று. குளத்தைத் தூர்த்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் ஜவுளிக்கடை. போன வாரம் அங்கே போனபோது, "பார்த்து, மெதுவா வாங்கோ" என்று மருமகள் என் கையைப் பிடித்தாள். நடுக்குளம் இருந்த இடம் வந்ததும் கையை விடுவித்துக்கொண்டேன். இதைத் துணையில்லாமல் கடந்தவள் நான். மீதியையும் நானே நடந்தேன்.