பூனையின் காதும் டாக்டரம்மாவின் பெயரும்

சீனியைக் கொன்றவர் டாக்டரம்மா இல்லை. நீங்கள்தான். காரைக்குடிக்குப் பக்கத்தில் பழைய பங்களாவை ஓட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிற உங்களைத்தான் சொல்கிறேன். பூனை செத்த பிறகு, "எங்களைக் கேட்காமலே டாக்டர் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்" என்று ஓட்டலின் முகநூல் பக்கத்தில் எழுதினீர்கள். ஊரே படித்தது. ஆனால் அந்த அறையில் நானும் இருந்தேன். டாக்டரம்மாவின் கால்நடைக் கிளினிக்கில் பல வருடங்கள், சிகிச்சை நேரத்தில் நாய், பூனைகளைப் பிடித்துக்கொடுக்கிற வேலை பார்த்தவன் நான்.

சீனியை முதலில் கூடையில் வைத்துக் கொண்டுவந்தவர் உங்கள் ஓட்டலில் சமைக்கிற அக்கா. சுத்த வெள்ளைப் பூனை. தலையைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டியிருந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "என்னக்கா, இன்னைக்குச் சடங்கா இவளுக்கு?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. பூவை மெல்ல ஒதுக்கினார். இரண்டு காது நுனியும் பொருக்குத் தட்டி, ஓரம் அரித்து, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "போட்டோவுல புண்ணு தெரியக் கூடாதுன்னு மொதலாளி கட்டச் சொன்னாக," என்றார். வளவு நடுவில் வெயில் விழுகிற திறந்த முற்றத்தில் சீனி கால் நீட்டிப் படுத்திருக்கும் படம்தானே உங்கள் விளம்பரம். தங்க வருகிறவர்களும் அதே இடத்தில் அதைப் படுக்க வைத்துப் படம் எடுத்துப் போவார்கள். அந்த வெயில்தான் அதைத் தின்றது. வெள்ளைப் பூனைக்குக் காது நுனியில் முடியும் குறைவு, தோலில் நிறமும் இல்லை. வருடக்கணக்கில் வெயில் பட்டால் அங்கே ஆறாத புண் வரும், அது புற்றுநோயாக மாறும். டாக்டரம்மா சின்னத் துண்டு வெட்டிச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய்தான் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் காரில் வந்தீர்கள். "ரெண்டு காது மடலையும் எடுத்துரணும். காது கேக்கும், எலி பிடிக்கும், எல்லாம் செய்யும். இன்னும் கழுத்துல நெறி கட்டல. இதுதான் நேரம்," என்றார் டாக்டரம்மா. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"காதில்லாத பூனைய எவன் போட்டோ எடுப்பான்? மொட்டப் பூனைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"படத்துக்குச் சிரிக்கிறது நீங்க. அது வலியில கெடக்கு."

"கத்தி வச்சா பரவிரும்னு சொல்றாகளே."

"வைக்காட்டித்தான் பரவும்."

சீசன் முடியட்டும் என்று கிளம்பிவிட்டீர்கள். டாக்டரம்மா அதோடு விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே உங்கள் ஓட்டலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வரவேற்பறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். முதலாளி வெளியூர் என்றார்கள். உங்கள் கார் வாசலில் நின்றது. அவர் காப்பியைத் தொடாமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போய், வெயில் நேரத்தில் பூனையை உள்ளேயே வைத்திருக்கும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார். அக்காவும் வைத்துப் பார்த்திருக்கிறார். விருந்தாளி கேட்டால் கதவைத் திறந்து தூக்கிப் போனது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பங்குனியில் நீங்களும் அக்காவும் சீனியை மறுபடி கொண்டுவந்தபோது பூ கட்ட இடமில்லை. ஒரு காது அழுகி விழுந்திருந்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டிக் கல்லாக இருந்தது. அந்த நாற்றத்தில் நீங்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இப்ப வெட்டிருங்க," என்றீர்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். கழுத்துக்கும் முகத்துக்கும் பரவிவிட்டதால் இனி வெட்டிப் பயனில்லை. மருந்து ஏற்றுவது, கதிர்வீச்சு எல்லாம் இங்கே கிடையாது. பெரிய ஊருக்குத் தூக்கிப் போனாலும் இந்த நிலையில் கொஞ்ச நாள் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். வலி மருந்து கொடுத்து வைத்திருக்கலாம், ஆனால் அது வாய் திறக்க முடியாமல் பட்டினி கிடக்கிறது. "வலியில்லாமத் தூங்க வச்சிரலாமா? நீங்க சொன்னாத்தான் செய்வேன்," என்று கேட்டார். நீங்கள் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "செஞ்சிருங்க. பாக்க முடியல," என்றீர்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் மயக்க ஊசி, பிறகு மற்றது. சீனியின் தலை என் உள்ளங்கையில்தான் கனத்தது.

நீங்கள் எழுதியதற்குக் கீழே யார் யாரோ டாக்டரம்மாவைக் கொலைகாரி என்று எழுதினார்கள். கிளினிக்குக்குக் கூட்டம் குறைந்தது, பிறகு நின்றேபோனது. பதில் எழுதுங்கள் என்று நான் சொன்னேன். "நான் எழுதினா அந்தப் பூனை வருமா தம்பி," என்றார். அந்த வருடமே கதவை அடைத்துவிட்டார். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தடுப்பூசி போடுகிறார். போனில் கேட்டால், "கோழிக்கு யாரும் பேரு வைக்கிறதில்ல தம்பி. நிம்மதியா இருக்கு," என்கிறார். அது நிம்மதி இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் திருப்பத்தூரில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெட்டை நாயைப் பார்த்தேன். மடிக்காம்பின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. சீக்கிரம் எடுத்தால் பிழைக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அந்த வீட்டம்மா நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம்ப்பா. காரைக்குடியில பூனைய ஊசி போட்டுக் கொன்னாகளே, படிச்சேன். வீட்டுலயே கெடந்து போகட்டும்," என்றார். உங்கள் பொய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது டாக்டரம்மாவோடு நிற்கவில்லை.

எனக்குத் தனியாகப் போன் பண்ண வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் எழுதினீர்களோ அதே பக்கத்தில், எல்லோரும் படிக்க, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். அன்று டாக்டரம்மா உங்களைக் கேட்டாரா, இல்லையா? "செஞ்சிருங்க" என்று சொன்னது யார்?