மோட்டார் கொட்டகையில் ஒரு ஸ்டெதஸ்கோப்

கிராம நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். ஒரு விஷயத்தை நம்ப வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணம் உப்பளத்தில் ஒரு குழந்தையை ஆபரேஷனுக்கு அனுப்ப நான் பட்ட பாடு இது.

நாவல்பழ உதடு

அஞ்சலை உப்பு வாருகிறவள். அவள் மகள் மஞ்சுவுக்கு நாலு வயது. வரப்பில் கொஞ்சம் ஓடினாலே குந்திக்கொள்வாள், மூச்சு வாங்கும். உதடு ஊதாவாக இருக்கும். நாவல்பழம் தின்றிருப்பாள் என்று இரண்டு தடவை நானே நினைத்துவிட்டுப் போயிருக்கிறேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பீற்றிக்கொள்கிற ஆள் வேறு!

மூன்றாம் தடவைதான், பழ சீசன் முடிந்து ஒரு மாதமாகிறதே என்று உறைத்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். லப்டப்புக்கு நடுவே சர்ரென்று ஒரு சத்தம். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருக்கும் போலிருக்கிறது, அதனால்தான் ஓட முடியாமல் குந்துகிறாள் என்றேன். அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சோம்பேறின்னு சொல்லி தெனம் முதுகுல ரெண்டு வெச்சேனே நர்சம்மா!"

கிரகணத் தீர்ப்பு

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வால்வும் குறுகல், தள்ளிப்போடாதீர்கள் என்றார். வீட்டிலோ பழி அஞ்சலை தலையில் விழுந்தது. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று உப்புப் பாத்தியில் இறங்கினாளாம். மாமியாரின் தீர்ப்பு அது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உலகம் பூரா எல்லா தேசத்துலயும் பிள்ளைங்க இப்படிப் பொறக்குது. வசதியுள்ள ஊருல சீக்கிரமா கண்டுபிடிச்சு சரி பண்ணிடுறாங்க. நாம யார் மேல பழி போடலாம்னு தேடிக்கிட்டிருக்கோம்" என்று பொரிந்து தள்ளினேன். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஊரு மாமியாருங்களும் இப்படித்தான் சொல்லுவாங்களா நர்சம்மா?"

ஏழுமலையின் கேள்வி

மஞ்சுவின் அப்பா ஏழுமலை, உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர். ஆபரேஷன் என்றாலே எழுந்து போய்விடுவார். ஒருநாள் மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கே போனேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, முதலில் அவர் நெஞ்சில் வைத்தேன், பிறகு மகள் நெஞ்சில்.

அவர் முகம் மாறியது. "வால்வுல சேறு அடைச்சிக்கினா இப்படித்தான் கத்தும்" என்றார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி! மோட்டார் ஓடும்போது வால்வைக் கழற்ற முடியாதே, நெஞ்சை நிறுத்தினால் பிள்ளை என்ன ஆகும்? அதுவரை ரத்தத்தை ஓட்ட வெளியே ஒரு மெஷின் வைப்பார்கள் என்றேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஸ்பேர் மோட்டார் இருக்குதா? அப்ப போலாங்க."

ஆறு மணி நேரம்

சென்னையில் ஆபரேஷன். லீவு போட்டுவிட்டு நானும் போனேன். வழியெல்லாம் தைரியம் சொன்ன நான், தியேட்டர் கதவு மூடியதும் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு மணி நேரம் மூன்று பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து, மெஷினை நிறுத்தியாகிவிட்டது, இதயம் தானாக ஓடுகிறது என்றார். அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏழுமலை டாக்டரைக் கும்பிட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார்.

"இவ்ளோ நேரம் அந்த மோட்டார பாத்துக்கினாரே, அவரு சாப்ட்டாருங்களா?"

இந்த வேலையில் மருந்தைவிட நான் அதிகம் செலவழித்தது தொண்டைத் தண்ணீரைத்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் அதைச் செலவழிக்காமல், அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவருக்கு டீ வாங்கக் கேண்டீனுக்கு நடந்தேன்.